மீன் படிக்கப் போன ஊர்

நடு நிசி இருக்கும். ஜன்னலுக்கு வெளியே யாரோ ஒரு ஸ்திரீ வீறிட்டு அலறினாள். முதலில் ஒரு குரல். பிறகு அதற்குப் பதில் சொல்வது போல் தூரத்திலிருந்து இன்னொரு குரல். நம் சகதர்மிணி படுக்கையில் எழுந்து உட்கார்ந்து நம் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். வந்து இறங்கி ஆறு மணி நேரம் கூட ஆகவில்லை. அந்நிய தேசம், போலீசைக் கூப்பிடுவதா, கதவைத் திறந்து பார்ப்பதா என்று நாம் தீர்மானிப்பதற்குள் அடுத்த அறையிலிருந்து நம் பெண் தூக்கக் கலக்கத்துடன் சொன்னாள்: "அது பறவை, அப்பா. படுத்துக்கொள்ளுங்கள்."

மறுநாள் காலையில் அந்தப் 'பறவை'யைத் தரிசித்தோம். நீண்ட கால்களும், உருண்டைக் கண்களுமாக, சாம்பல் நிறத்தில் ஒரு மெலிந்த பிராணி, வேலியோரத்துப் புல்லில் நட்டு வைத்த குச்சியைப் போல் அசையாமல் நின்றுகொண்டிருந்தது. ராத்திரி அத்தனை அமர்க்களம் செய்த ஜீவன் இதுதான் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அங்குள்ளவர்கள் அதைக் 'கர்லூ' என்கிறார்கள். பகலெல்லாம் மௌன விரதம்; இரவில் ஒப்பாரி.

இது நடந்தது ஆஸ்திரேலியாவின் வடகிழக்குக் கரையில், குவீன்ஸ்லாந்து மாகாணத்தைச் சேர்ந்த டவுன்ஸ்வில் நகரத்தில். 2024-ஆம் வருஷம் மே மாதம், பள்ளிக்கூடத்துக் கோடை விடுமுறையில் நாம் அங்கே போயிருந்தோம். நம் பெண் அங்குள்ள ஜேம்ஸ் குக் சர்வகலாசாலையில் கடல் உயிரினங்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தாள். "மீனைப் பற்றிப் படிக்க ஒரு பெண்பிள்ளை சமுத்திரம் தாண்டிப் போவானேன்? நம்ம மண்டபத்துக் கரையிலே இல்லாத மீனா?" என்று நம் தாயார் கேட்ட கேள்விக்கு நாம் சரியான பதில் சொன்னதே கிடையாது. நமக்கே தெரிந்தால் அல்லவா சொல்வதற்கு?

நாம் ராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்தவர்கள். உயர்தரப் பள்ளியில் பூகோளம் போதிப்பது நம் தொழில். உஷ்ண மண்டலம், மகர ரேகை, கடக ரேகை என்று இருபது வருஷமாகக் கரும்பலகையில் கோடு கிழித்து வந்திருக்கிறோம். மகர ரேகைக்குச் சற்று வடக்கே, 19 டிகிரி தெற்கு அட்சத்தில் ஒரு முற்றத்தில் நின்று, நடுப்பகல் சூரியன் வடக்குப் பக்கமாகச் சாய்ந்து நிற்பதை நேரில் பார்த்தபோதுதான், இத்தனை காலமும் பிள்ளைகளுக்கு நாம் சொன்னது மெய்தான் என்ற நம்பிக்கை நமக்கே உண்டாயிற்று! இரவில் பிறைச் சந்திரன் கூட வேறு விதமாகக் கவிழ்ந்து கிடந்தது. நம் சகதர்மிணிக்கு இதில் அவ்வளவு ஆச்சரியமில்லை. வீட்டின் எந்தப் பக்கத்தில் துணி உலர்த்துவது என்பதை மாத்திரம் மாற்றிக்கொண்டாள்.

அவளுடைய வருத்தம் வேறு. பிரிஸ்பேன் விமான நிலையத்தில் மூட்டைகளைச் சோதிக்கும் இடத்தில், ஈரத் துணியில் சுற்றிக் கொண்டுபோயிருந்த கறிவேப்பிலைக் கொத்தை அவளே எடுத்துக் காட்டினாள். உத்தியோகஸ்தர் மிகுந்த மரியாதையுடன் வாங்கி, மிகுந்த மரியாதையுடன் குப்பைத் தொட்டியில் போட்டார். வெளி நாட்டுப் பச்சிலை எதுவும் உள்ளே போகக் கூடாதாம். பயிருக்கு நோய் வந்துவிடுமாம். நியாயம்தான். இருந்தாலும், அங்கிருந்து டவுன்ஸ்வில் போய்ச் சேர்கிற இரண்டு மணி நேர ஆகாயப் பிரயாணம் முழுவதும் அவள் பேசவில்லை. பெண்ணின் வீட்டுக்கு அடுத்த தோட்டத்தில் ஆள் உயரத்துக்குக் கறிவேப்பிலை மரம் ஒன்று செழித்து நின்றதை மறுநாள் பார்த்த பிறகுதான் சமாதானமானாள்.

பெண்ணின் வாசஸ்தலம் மரப் பலகையாலான ஒரு பழைய வீடு. நான்கு மாணவிகள் சேர்ந்து வாடகை கொடுக்கிறார்கள். குளிர்ப் பெட்டியில் ஆளுக்கு ஒரு தட்டு. அவரவர் பாலுக்கு அவரவர் பெயர் எழுதிய சீட்டு. நாம் கவனித்த வரையில் அவளுடைய தினசரி இப்படி இருந்தது: விடியுமுன் எழுந்து குக்கரில் சாதமும் பருப்பும் ஏற்றிவிடுவாள். மத்தியான ஆகாரத்தைப் பெட்டியில் அடைத்துக்கொண்டு சைக்கிளில் புறப்படுவாள். காலையில் வகுப்பு, பிற்பகல் ஆராய்ச்சிச் சாலையில் தொட்டிகளுக்கு நடுவே வேலை. தொட்டிகளில் பவளங்கள். தண்ணீரின் உஷ்ணத்தைக் குறித்துக்கொள்வதும், பவளத்தின் நிறத்தை ஓர் அட்டையோடு ஒப்பிட்டு எழுதிவைப்பதும், அடுத்த தொட்டிக்குப் போவதும், மறுபடி முதல் தொட்டிக்கு வருவதுமாகப் பொழுது சாய்ந்துவிடும். வாரத்தில் மூன்று மாலை ஒரு பெரிய கடையில் சாமான் அடுக்கும் வேலை. மாணவ விசாவில் வந்தவர்கள், பாடம் நடக்கிற காலத்தில், இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் சம்பளத்துக்கு உழைக்கக் கூடாது என்பது 2023 ஜூலை முதல் அங்கே சட்டம். அந்த 48 மணியையும் அவள் மிச்சம் வைப்பதில்லை என்பது அவள் உள்ளங்கையைப் பார்த்தாலே தெரிந்தது.

"கடையிலே மூட்டை தூக்கவா உன்னை அனுப்பினோம்?" என்று தாயார் கேட்டாள்.

"மூட்டை இல்லை, அம்மா, டப்பா" என்றாள் பெண்.

சர்வகலாசாலைக்கு ஒரு நாள் எங்களை அழைத்துப் போனாள். மைல் கணக்காகக் காடும் புல்வெளியுமாக இருக்கிறது, நடுநடுவே கட்டடங்கள். மரத்தடியில் ஆட்டுக் குட்டிகள் மேய்கின்றன என்று நினைத்து அருகே போனோம். அவை எழுந்து இரண்டு காலில் நின்று எங்களைப் பார்த்தன. சிறு ஜாதிக் கங்காருக்கள்! 'வாலபி' என்று பெயர். வகுப்புக்கு விரைகிற மாணவர் எவரும் அவற்றைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அவையும் மாணவர்களை லட்சியம் செய்வதில்லை. சாயங்காலமானால் பஞ்சவர்ணக் கிளிக் கூட்டங்கள் மரத்துக்கு மரம் வந்து விழுந்து கூச்சலிடும் கூச்சலில் இரண்டு பேர் பக்கத்தில் நின்று பேச முடியாது. நம் பள்ளியில் கடைசி மணி அடித்ததும் எழுகிற சத்தத்தை நாம் ஒருவாறு மன்னித்துவிட்டோம்.

ஆனால் நம்மை அதிசயத்தில் ஆழ்த்தியவை இவை அல்ல. ஒரு மா மரத்தில் இலைகளைச் சேர்த்துத் தைத்த கூடு ஒன்றைப் பெண் காட்டினாள். நம் ஊர்த் தோப்புகளில் முசுறு எறும்பு கட்டுகிற அதே கூடு! ஒரே வித்தியாசம்: நம் முசுறு சிவப்பு, இதற்குப் பின்பாகம் பச்சை. "இரண்டும் ஒரே இனம், அப்பா. நிறம்தான் வேறு" என்று சொல்லி, ஓர் எறும்பைப் பிடித்து அதன் பச்சை வயிற்றை நாக்கில் தொட்டுக் காட்டினாள். எலுமிச்சம் பழம் போல் புளிக்குமாம். நாமும் ருசி பார்த்தோம். வாஸ்தவம்தான். நம் சகதர்மிணி மட்டும், 'தகப்பனுக்கும் பெண்ணுக்கும் பைத்தியம்' என்று நாலு பேருக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டு அப்பால் போய் நின்றுகொண்டாள்.

அங்கிருந்து புத்தகசாலைக்குப் போனோம். வாசலில் ஒரு பெயர்: எடி கோய்க்கி மாபோ. எந்தத் துரையின் பெயரோ என்று நினைத்தோம். "துரை இல்லை, அப்பா. இந்தச் சர்வகலாசாலையில் தோட்ட வேலை செய்தவர்" என்றாள்.

அந்தக் கதையை நாம் விவரமாகக் கேட்டோம். வாசகர்களும் கேட்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் வட முனைக்கும் நியூகினிக்கும் நடுவே டாரஸ் ஜலசந்தி என்று இருக்கிறது. அதில் மெர் என்ற சிறு தீவில் 1936-இல் பிறந்தவர் மாபோ. பிழைப்புக்காக டவுன்ஸ்வில் வந்து, இந்தக் கலாசாலையில் செடி கொடிகளைப் பராமரித்து வந்தார். ஓய்வு நேரத்தில் புத்தகசாலைக்குள் போய்த் தம் ஜனங்களைப் பற்றி வெள்ளைக்காரர் எழுதி வைத்ததைப் படிப்பார். ஹென்றி ரெய்னால்ட்ஸ், நோயல் லூஸ் என்ற இரு சரித்திர ஆசிரியர்களுடன் சிநேகமாயிற்று. ஒரு நாள் பேச்சுவாக்கில், மெர் தீவில் தம் குடும்பத்துக்குள்ள நிலத்தைப் பற்றி மாபோ சொல்லிக்கொண்டிருந்தார். எந்த மரத்திலிருந்து எந்தக் கல் வரையில் யாருடையது என்பது அந்தத் தீவில் தலைமுறை தலைமுறையாக எல்லாருக்கும் தெரியும். ஆசிரியர்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சட்டப்படி அந்த நிலம் அவருடையதே அல்ல, சர்க்காருடையது என்ற சமாசாரத்தை அவரிடம் யார் சொல்வது? கடைசியில் சொன்னார்கள். மனிதர் திகைத்துப் போனாராம். தம் தகப்பனார் பூமி தம்முடையது அல்லவென்று அதற்குமுன் யாரும் அவரிடம் சொன்னதில்லை.

ஆங்கிலேயர் வந்து இறங்கியபோது அந்தக் கண்டத்து நிலத்துக்குச் சொந்தக்காரர் எவரும் இல்லை என்ற எண்ணத்தின் மேலேதான் அந்தத் தேசத்தின் நிலச் சட்டமே நின்றுகொண்டிருந்தது. பல்லாயிரம் வருஷமாக ஜனங்கள் வாழ்ந்த பூமி! 1982-இல் மாபோவும் மெர் தீவினர் நால்வரும் வழக்குத் தொடுத்தார்கள். பத்து வருஷம் நடந்தது. 1992-ஆம் வருஷம் ஜூன் மாதம் 3-ஆம் தேதி ஆஸ்திரேலியாவின் உச்ச நீதிமன்றம், நீதிபதிகள் எழுவரில் அறுவர் ஒருமித்து, அந்த எண்ணம் தவறு என்றும், மெர் ஜனங்களுக்கு அவர்கள் பூமியில் பாத்தியதை உண்டு என்றும் தீர்ப்பளித்தது. அந்த வருஷம் ஜனவரி மாதத்திலேயே மாபோ காலமாகிவிட்டார். 2008-இல் புத்தகசாலைக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

கதை முடிந்ததும் பெண் சற்று நேரம் சும்மா இருந்தாள். பிறகு, "அப்பா, நம் பனங்காட்டை விற்றுவிட்டீர்கள் என்பது எனக்குத் தெரியும்" என்றாள்.

நாம் என்னத்தைச் சொல்வது? ஊருக்கு மேற்கே இரண்டு ஏக்கர் புஞ்சை, நாற்பது பனை. நம் தாயார் பெயரில் இருந்தது. அவளுடைய படிப்புக்காக 2022-ஆம் வருஷக் கடைசியில் அதை விற்றோம். பாங்கியில் கடன் வாங்கியதாக அவளிடம் சொல்லியிருந்தோம். கடனும் வாங்கினது உண்டு. ஆகவே முழுப் பொய் அல்ல என்று மனத்துக்குள் சமாதானமும் செய்துகொண்டிருந்தோம். வகுப்பிலே அரை உண்மை பேசுகிற பையனை நாம் விட்டு வைத்ததில்லை.

"யார் சொன்னது?"

"அப்பத்தாதான். வந்த மூன்றாம் மாதமே சொல்லிவிட்டார்கள். 'உங்கப்பன்கிட்டே கேட்காதே, வருத்தப்படுவான்' என்றும் சொன்னார்கள்."

நம் சகதர்மிணி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். அவளுக்கும் இது தெரியும் என்று அப்போதுதான் நமக்குத் தெரிந்தது. ஆக, ஒன்றரை வருஷமாக அந்த ரகசியத்தைக் கட்டிக் காத்து வந்தவர் நாம் ஒருவர்தான்!

பெண் அந்தக் கதையையும் நம் புஞ்சையையும் சேர்த்துப் பேசியது நமக்குச் சம்மதமில்லை. அதையும் சொன்னோம். நாம் விலை பேசி, பத்திரம் எழுதி, ரிஜிஸ்தர் கச்சேரியில் தாயார் கைநாட்டு வைத்து, பணத்தை எண்ணி வாங்கினோம். மெர் தீவு ஜனங்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. விற்ற துக்கம் வேறு; பறிகொடுத்தவன் துக்கம் வேறு. தேசம் அடிமைப்பட்டுக் கிடந்த காலத்துக் கதை தெரிந்தவர்கள் இரண்டையும் ஒன்றாக்கக் கூடாது. அவள் ஒப்புக்கொண்டாள். "ஆனால் என்னிடம் சொல்லியிருக்கலாம், அப்பா" என்றாள். அதற்கு நம்மிடம் பதில் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காந்தத் தீவுக்குப் போனோம். டவுன்ஸ்வில் கடற்கரையில் நின்றால் எதிரே எட்டு கிலோமீட்டர் தூரத்தில் மலையும் காடுமாகத் தெரிகிற தீவு அது. 1770-இல் காப்டன் குக் இந்த வழியாகப் போகையில் தம் திசைகாட்டி கோளாறு செய்கிறதென்று நினைத்து இந்தப் பெயரைக் கொடுத்தாராம். அப்புறம் யாருடைய திசைகாட்டியும் அங்கே கோளாறு செய்ததாகத் தெரியவில்லை. பெயர் மாத்திரம் நின்றுவிட்டது. அந்தப் பூமிக்குரிய வுல்குருகபா ஜனங்கள் வைத்த பெயர் யுன்பெனுன்.

துறைமுகத்தில் பிரயாணிகள் படகு ஏறினோம். நடு வழியில் நம் சகதர்மிணி திடீரென்று எழுந்து கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அண்ணாந்து பார்த்தோம். செம்பட்டை மேனி, வெள்ளைக் கழுத்து - சாக்ஷாத் கருடன்! ஞாயிற்றுக்கிழமை, கருட தரிசனம். நம் ஊர்க் கோயில் கோபுரத்தின் மேல் வட்டமிடுகிற அதே கருடன்தான். ஜாதியில் அணுவளவும் பேதமில்லை என்று பெண் உறுதி கூறினாள். பக்கத்திலிருந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவி, இந்த அம்மாளுக்கு உடம்பு சரியில்லையோ என்று கவலையுடன் விசாரித்தாள்.

தீவில் மலைப் பாதை வழியாக மேலே போனால், இரண்டாவது உலக யுத்தத்தில் பீரங்கி வைப்பதற்காகக் கட்டிய கோட்டைச் சுவர்கள் இருக்கின்றன. பாதையோரத்து மரக் கிளையில் கோலா என்ற கரடி பொம்மை போன்ற ஜீவன் தூங்கிக்கொண்டிருந்தது. இவை 1930-களில் கொண்டுவந்து விடப்பட்டவையாம். நாம் அரை மணி நேரம் நின்று பார்த்தோம். அது ஒரு கண்ணைக் கூடத் திறக்கவில்லை. கீழே குடாக் கரைப் பாறைகளில் இன்னொரு சிறிய கங்காரு ஜாதி, செங்குத்தான கல்லின் மேல் ஆட்டைப் போலத் தாவுகிறது. கடலில் இறங்க ஆசையாக இருந்தது. ஆனால் கரையில் ஒரு பலகையும், அதன் கீழே காடிப் புட்டி ஒன்றும். நவம்பர் முதல் மே வரை அந்தக் கடலில் உயிரைக் குடிக்கிற சொறிமீன் உண்டு; தீண்டினால் முதலில் ஊற்றுவதற்குத்தான் காடி. நாம் கால் நனைப்பதோடு திருப்தியடைந்தோம்.

அந்தக் கரையில் உட்கார்ந்துதான் பெண் தன் படிப்பைப் பற்றி முதன் முதலாக எங்களுக்குப் புரியும்படி சொன்னாள். பவளம் என்பது கல் அல்ல. கோடிக்கணக்கான சிறு பிராணிகள். அவற்றின் உடம்புக்குள் அதனினும் நுண்ணிய பாசிகள் குடியிருந்து, வெயிலைக் கொண்டு ஆகாரம் தயாரித்துக் கொடுக்கின்றன; நிறமும் அவை கொடுத்ததே. கடல் நீர் வழக்கத்துக்கு மேல் சூடாகி அப்படியே சில வாரம் நீடித்தால், பவளம் அந்தப் பாசிகளை வெளியே தள்ளிவிடுகிறது. தள்ளியதும் வெளுத்துவிடும். சூடு தணிந்தால் பாசி திரும்ப வந்து பிழைத்தாலும் பிழைக்கும். தணியாவிட்டால் பட்டினியால் சாகும். 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பெரிய பவளத் திட்டில் 2016 முதல் 2024 வரை ஐந்து முறை இப்படிப் பெரிய அளவில் வெளுப்பு கண்டிருக்கிறது. ஐந்தாவது, நாங்கள் போவதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான்.

"நம் மன்னார் வளைகுடாவிலும் 2016-இல் வெளுத்தது, அப்பா. ராமேசுவரத்திலிருந்து தூத்துக்குடி வரையில் 21 தீவு என்று புத்தகத்தில் படித்தோமே. அதில் சில இப்போது தண்ணீருக்கு அடியில். பவளத்தை வெட்டி எடுத்துச் சுண்ணாம்பு சுட்டதும் ஒரு காரணம்."

நம் பாட்டனார் வீட்டுச் சுவர் பவளக் கல்லால் கட்டியது. சிறு வயதில் அதன் துவாரங்களில் பென்சிலைச் செருகி விளையாடியிருக்கிறோம். அதை ஒரு பிராணியின் எலும்பு என்று ஒரு நாளும் நாம் நினைத்ததில்லை.

பிறகு அவள் விஷயத்துக்கு வந்தாள். பேராசிரியர் ஒருவர் மேற்கொண்டு ஆராய்ச்சி செய்ய அழைக்கிறார். உதவிச் சம்பளம் கிடைக்கலாம். இன்னும் நாலு வருஷம் ஆகும். முடித்ததும் மண்டபத்துக்குத்தான் வருவேன் என்றாள். நாலு வருஷத்துக்குப் பிறகு வருவேன் என்று சொல்லிப் போனவர்கள் எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கு நம்மிடம் இருந்தது. நம் மாணாக்கர்களே சாட்சி. அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. தேசத்துக்கு உழைப்பதைப் பற்றி ஆண்டு விழாக்களில் நாம் செய்த பிரசங்கங்கள் அந்தச் சமயம் ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. நம் சகதர்மிணியின் முகத்தைப் பார்த்தோம். அவள் மணலைக் கையில் அள்ளி அள்ளிக் கீழே விட்டுக்கொண்டிருந்தாள்.

"வருஷா வருஷம் பொங்கலுக்கு வந்து அப்பத்தாளைப் பார்த்துவிட்டுப் போ. கடை வேலையைக் குறைத்துக்கொள். கையைப் பார்க்கச் சகிக்கவில்லை" என்றாள். அவ்வளவுதான். நம் அபிப்பிராயத்தை யாரும் கேட்கவில்லை.

புறப்படுவதற்கு முதல் நாள் இரவு ஒன்பதரை மணிக்கு ஊருக்குப் பேசினோம். அங்கே சாயங்காலம் ஐந்து மணி. தாயாரிடம் பெண் கைப்பேசியில் பேசிக்கொண்டிருக்கையில், வேலியோரத்தில் அந்தப் பறவை ஆரம்பித்தது. விளையாட்டாக அவள் ஜன்னலைத் திறந்து கைப்பேசியை வெளியே நீட்டினாள். கிழவி பயந்துவிடப் போகிறாளே என்று நாம் தடுக்கப் போனோம்.

"அது என்ன, கண்கிலேடியா?" என்று தாயார் சாவதானமாகக் கேட்டாள். "நம்ம பனங்காட்டிலே நிலா ராத்திரியிலே கத்துமே, அதுக்கு அக்காள் போல இருக்குதே. தொண்டை கொஞ்சம் பெரிசு."

பெண் நம்மைத் திரும்பிப் பார்த்தாள். இரண்டும் ஒரே குடும்பம் என்றும், அப்பத்தா சொன்னது சரி என்றும் சொன்னாள். "நம் காட்டில் இது உண்டா, அப்பா?" என்று கேட்டாள்.

நாம் அந்தப் பனங்காட்டில் ஓர் இரவு கூடத் தங்கியது கிடையாது.